பங்க் குழுவிலிருந்து வந்த ராப் கலைஞரின் தொழில் எப்படி நடக்கிறது? பி.ஓ.எஸ் வழியாக ஒரு விளக்கம்

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்து ராப் கலைஞர் பி.ஓ.எஸ். இயற்பெயர் ஸ்டெஃபான் அலெக்சாண்டர், பிறந்தது 1981. இவரைப் பற்றி முதன்முறை படிப்பவர்கள் மூன்று இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒரே ஆள் ஹார்ட்கோர் பங்க் குழுவில் கிடார் வாசித்துக் கத்துகிறார். ராப் ஆல்பமும் வெளியிடுகிறார். வானொலியில் பெரிதாக ஒலிக்காமலேயே 2004 முதல் 2017 வரை ஐந்து தனி ஆல்பங்கள் வந்திருக்கின்றன. 2012இல் நான்காவது ஆல்பம் வெளியான அதே மாதத்தில் சுற்றுப்பயணம் ரத்தாகிறது. சிறுநீரக சிகிச்சைக்கு ரசிகர்கள் பணம் திரட்டுகிறார்கள். புகழ் இருக்கும் ஒருவரிடம் பணம் எப்படி இல்லாமல் போகும்?

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பங்க் இவருக்குக் கொடுத்த முதன்மையான சொத்து தொழில் நடத்தும் முறை. கிடார் ஒலி அதற்கு அடுத்ததுதான். அந்த முறை எதைத் தாங்கும், எங்கே உடையும் என்று தெரிந்தால் இவருடைய வாழ்க்கைப் பாதை முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் சில சொற்கள்

1. பங்க்: 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருவான ராக் வடிவம். கிடாரில் சேர்ந்து ஒலிக்கும் சில சுரக்கூட்டுகளே போதும், குறுகிய பாடல்கள், நேரடியான சொற்கள்.

2. ஹார்ட்கோர்: 1980 வாக்கில் அமெரிக்காவில் பங்க் எடுத்த இன்னும் வேகமான, கடுமையான வடிவம். பாடல் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இதை வெள்ளையர்களின் இசை என்று பொதுவாகச் சொல்வது பிழை. அதன் வேகத்தை வரையறுத்த குழுக்களில் முதன்மையானது வாஷிங்டனைச் சேர்ந்த பேட் பிரெயின்ஸ், நால்வரும் கறுப்பினத்தவர். கறுப்பின இளைஞரான பி.ஓ.எஸ் பங்க்குக்குள் வந்ததை விசித்திரமாகப் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றைத் தவறவிடுகிறார்கள்.

3. டி.ஐ.ஒய்: எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது. பதிவு, அச்சு, சுவரொட்டி, கச்சேரி ஏற்பாடு, தபாலில் விற்பனை அனைத்தும் இதில் அடக்கம். வாஷிங்டனில் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் லேபிள் (இசைப் பதிவுகளை வெளியிடும் நிறுவனம்) இதன் முன்மாதிரி. அங்கே எழுத்து ஒப்பந்தம் கிடையாது; செலவு போக மிஞ்சுவதைக் குழுவோடு பங்கிடுவார்கள். அதே வட்டத்தைச் சேர்ந்த ஃபுகாசி குழு, கச்சேரி டிக்கெட்டை முடிந்தவரை 5 டாலரில் வைத்தது. எந்த வயதினரும் வரலாம் என்பது அவர்களுடைய நிபந்தனை.

4. அண்டர்கிரவுண்ட் ராப்: பெரிய இசை நிறுவனங்களின் பணமும் வானொலி விளம்பரமும் இல்லாமல், சிறு லேபிள்கள், சிறு அரங்குகள், நேரடி விற்பனை ஆகியவற்றில் வாழும் ராப். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கை நிரப்புபவரும் இந்த வகைக்குள் வரலாம்.

5. மாஸ்டர்: ஒரு பாடலின் மூலப் பதிவு. அதன் உரிமை யாரிடம் இருக்கிறதோ, பல ஆண்டுகள் கழித்தும் வருமானம் அவரிடம்தான் போகும்.

முன்பே நடந்த சந்திப்புகள்

பங்க்கும் ராப்பும் சேர்ந்ததைப் புதுமை என்று சொல்ல முடியாது. 1981இல் நியூயார்க்கின் பாண்ட்ஸ் அரங்கில் தி கிளாஷ் என்ற பங்க் குழு தொடர் கச்சேரி நடத்தியபோது, தங்களுக்கு முன்னால் மேடையேற கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் ராப் குழுவை அழைத்தது. பங்க் ரசிகர்கள் அவர்கள் மீது பொருள்களை வீசிக் கூச்சலிட்டு விரட்டினார்கள். இசைக்கலைஞர்கள் தயாராக இருந்தார்கள். கூட்டம் தயாராக இல்லை. அதே 1981இல் ஹார்ட்கோர் குழுவாகத் தொடங்கிய பீஸ்டி பாய்ஸ், ராப்புக்கு மாறி 1986இல் வெளியிட்ட ஆல்பம், பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பமாக 1987இல் பதிவானது.

ஈழத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்த ராப் பாடகி எம்.ஐ.ஏ.வும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. உலகமெங்கும் ஒலித்த அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் அடித்தளம், தி கிளாஷ் குழுவின் பழைய பாடலிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டுதான் (சாம்பிள்).

1990களின் இறுதியில் வந்த ராப்-மெட்டல் அலை வேறு வகை. அங்கே கிடார் ஒலியும் ராப் உச்சரிப்பும் சேர்ந்தன. தொழில் முறை பெரிய நிறுவனங்களுடையதாகவே இருந்தது. பி.ஓ.எஸ்ஸை அந்த வரிசையில் வைப்பது அவரைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஏன் மின்னியாபொலிஸ்?

ஊர் தற்செயலானது அல்ல. மின்னியாபொலிஸும் அதை ஒட்டிய செயின்ட் பாலும் சேர்ந்த இரட்டை நகரத்தில் 1979இலேயே ஹஸ்கர் டூ, தி ரீபிளேஸ்மென்ட்ஸ் என்ற இரண்டு பங்க் குழுக்கள் உருவாகின. நடு ஊரில் உள்ள ஃபர்ஸ்ட் அவென்யூ அரங்கில் சுமார் 1,500 பேர் நிற்கலாம். அதே கட்டடத்தில் ஒட்டியிருக்கும் செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி என்ற சின்ன அறையில் 250 பேர். ஒரு குழு 250 பேர் அறையில் பழகி, ஊரைவிட்டுப் போகாமலே பெரிய அறைக்கு ஏற முடியும். இப்படிப் படிக்கட்டு அமைந்த ஊர்கள் குறைவு.

எக்ஸ்ட்ரீம் நாய்ஸ் என்ற பங்க் இசைத்தட்டுக் கடை 1994இல் அங்கே தொடங்கியது; சம்பளமில்லாத் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். 1995இல் ரைம்சேயர்ஸ் என்ற ராப் லேபிள் தொடங்கியது. 1999இல் அது தன் சொந்த இசைத்தட்டுக் கடையையும் திறந்தது. இசையும் வேறு, கேட்பவர்களும் பெரும்பாலும் வேறு. நடத்தும் முறை மட்டும் ஒன்று. பங்க் லேபிள்களும் இதைக் கவனித்தன. கலிஃபோர்னியாவின் எபிடாஃப், பேட் ரிலிஜன் குழுவின் கிடார் கலைஞர் உருவாக்கிய பங்க் லேபிள். ரைம்சேயர்ஸின் முதன்மைக் குழுவான அட்மாஸ்ஃபியரின் 2003 ஆல்பத்தை அதுதான் நாடெங்கும் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தது.

இந்த ஊரின் புறநகரான ஹாப்கின்ஸில் ஒரே உயர்நிலைப் பள்ளி வட்டத்திலிருந்து பி.ஓ.எஸ், சிம்ஸ், லேசர்பீக் மூவரும் வந்தார்கள். லேசர்பீக் அப்போது ஒரு ராக் குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். டெஸ்ஸா, செசில் ஆட்டர், மைக் மிக்ட்லான், பேப்பர் டைகர் ஆகியோரும் சேர்ந்து உருவானது டூம்ட்ரீ: பாடுபவர்களும், ராப்புக்கு அடியில் ஓடும் தாள இசையான பீட்டைச் செய்பவர்களுமே உரிமையாளர்களாக இருந்த கூட்டு லேபிள்.

பங்க் குழுவை விட்டு ராப்புக்கு: பணக் கணக்கு

கலைக் காரணங்களைப் பலரும் எழுதுவார்கள். வேன் கணக்கை எழுதுபவர்கள் குறைவு. நாலு பேர் கொண்ட பங்க் குழு ஊர் விட்டு ஊர் போக வேண்டுமானால் டிரம்ஸ், இரண்டு மூன்று ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள், கிடார்கள், அவற்றை ஏற்ற வேன், சில சமயம் பின்னால் இழுவண்டி எல்லாம் வேண்டும். ராப் கலைஞருக்கு ஒரு டி.ஜே., ஒரு பெட்டிக் கருவிகள், ஒரு சாதாரண கார் போதும்.

மின்னியாபொலிஸிலிருந்து சியாட்டில் சுமார் 1,650 மைல். நடுவில் கச்சேரிக்கு ஏற்ற ஊர்கள் ஃபார்கோ, பில்லிங்ஸ், மிசூலா, ஸ்போகேன் என்று விரல்விட்டு எண்ணலாம். கேலனுக்கு 15 மைல் ஓடும் வேனுக்கு 110 கேலன் பெட்ரோல். 30 மைல் ஓடும் காருக்கு 55. அடுத்து, ஓர் இரவின் வரவு. இது மாதிரிக் கணக்கு. யாருடைய உண்மைக் கணக்கும் அல்ல.

1. 250 பேர் அறையில் 200 டிக்கெட், தலைக்கு 12 டாலர்: 2,400 டாலர்.
2. ஒலிப்பொறியாளர், வாயிற்காவல், விளம்பரம் என அரங்கின் செலவு 600 போக 1,800.
3. இதில் கலைஞருக்கு 85 சதவீதம்: 1,530.
4. கச்சேரி ஏற்பாடு செய்யும் முகவருக்கு 10 சதவீதம்: 153. மீதி 1,377.
5. முன்னால் பாடிய உள்ளூர்க் குழுவுக்கு 200. மீதி 1,177.

இந்த 1,177 டாலரில் பெட்ரோல், அறை வாடகை, சாப்பாடு சேர்ந்து 350 போனால் 827. நாலு பேர் குழுவும் ஒலிப்பொறியாளரும் பிரித்தால் தலைக்கு 165. கலைஞரும் டி.ஜே.யும் பிரித்தால் தலைக்கு 413. இருநூறு பேர் வந்த நல்ல இரவின் கணக்கு இது. நாற்பது பேர் வரும் செவ்வாய்க்கிழமை இரவில் ஐந்து பேர் குழு கையிலிருந்து பணம் போட்டு ஊர் திரும்பும். இரண்டு பேர் எப்படியோ தப்பிப்பார்கள். இருபத்தைந்து வயதில் ஒருவர் தொடர்ந்து பாடப் போகிறாரா, வேறு வேலை தேடப் போகிறாரா என்பதை இந்த வித்தியாசம் தீர்மானிக்கிறது.

டூம்ட்ரீ முழுக் குழுவாகப் பயணம் போனபோது இந்தச் சலுகை தலைகீழானது. ஐந்து ராப் கலைஞர்கள், பீட் செய்பவர்கள், டி.ஜே. சேர்ந்தால் அது பங்க் குழுவைவிடப் பெரிய கூட்டம். அதனால்தான் கூட்டு ஆல்பங்கள் 2008, 2011, 2015 என இடைவெளி விட்டு வந்தன. நடுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாடிப் பிழைத்தார்கள்.

கையால் செய்த குறுந்தகடுகள்

டூம்ட்ரீயின் தொடக்க விற்பனைப் பொருள் ‘ஃபால்ஸ் ஹோப்ஸ்’ என்ற பொதுப் பெயரில் வந்த சிறு பதிவுகள். எழுதக்கூடிய வெற்றுத் தகட்டில் வீட்டுக் கணினியிலேயே படியெடுத்துக் கச்சேரி வாசலில் விற்பது அன்றைய வழக்கம். உறையோடு சேர்த்து ஒரு தகட்டுக்குச் சுமார் ஒரு டாலர் அடங்கும். 5 டாலருக்கு விற்றால் நாலு டாலர் கையில் நிற்கும்.

இதில் வழக்கமாகக் கெடும் இடங்கள் இரண்டு. கணினி அனுமதிக்கும் உச்ச வேகத்தில் எழுதினால் பழைய கார் பிளேயர்களில் தகடு தாவும். வேகத்தைக் குறைத்து எழுதினால் பிழை குறையும். தகட்டின் மேல் ஒட்டும் காகித லேபிள் மையம் விலகினால் சுழற்சி சமன் கெட்டு நடுங்கும், வெயிலில் பசை உரிந்து பிளேயருக்குள் சிக்கும். தகட்டின் மேல் ரப்பர் முத்திரை குத்தியோ தகட்டுப் பேனாவால் எழுதியோ விற்பது அழகுக்காக மட்டும் செய்தது அல்ல. அதுதான் பழுதில்லாத வழி.

ஒலி: வேகமும் மூச்சும்

ஹார்ட்கோர் டிரம்மர் நிமிடத்துக்கு 180 அடி வாசிப்பது சாதாரணம். ராப் பீட் பெரும்பாலும் 85 முதல் 100. இரண்டும் ஒட்டாது என்றுதான் தோன்றும். 180ஐப் பாதி வேகத்தில் எண்ணினால் 90. பங்க்கில் வளர்ந்த காது ஒரே பீட்டை இரண்டு வேகத்தில் கேட்கிறது. அதனால் மெதுவான பீட்டின் மேல் அவசரமான சொற்களைப் பொருத்துவது இவர்களுக்கு இயல்பாக வருகிறது.

90 அடி வேகத்தில் நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தம் 2.67 நொடி. அதில் 16 அசை வைத்தால் நொடிக்கு 6 அசை. 16 ஆவர்த்தம் கொண்ட ஒரு பத்தி ஏறக்குறைய 43 நொடி. பதிவறையில் துண்டு துண்டாகப் பாடி ஒட்டலாம். மேடையில் மூச்சு எங்கே என்பதை எழுதும்போதே தீர்மானிக்க வேண்டும். இரண்டு ஆவர்த்தத்துக்கு ஒருமுறை கடைசி ஓரிரு அசைகளைக் காலியாக விடுவது, அந்த இடத்தைச் சக கலைஞர் சேர்ந்து கத்தி நிரப்புவது என இரண்டு வழிகள் உண்டு. இரண்டாவது, ஹார்ட்கோரில் முழுக் குழுவும் பல்லவியைச் சேர்ந்து கத்தும் பழக்கத்தின் தொடர்ச்சி. டூம்ட்ரீ மேடையில் இது ஓயாமல் நடந்தது.

அடுத்த சிக்கல் கிடார். உறுமும் கிடார் ஒலியின் பெரும் பகுதி ஏறக்குறைய 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. சொல் தெளிவாகக் கேட்கத் தேவையான அலைவரிசைகளும் அங்கேதான். பாடகர் ஒரு சொல்லை நீட்டிக் கத்தும்போது இது தொல்லை இல்லை. நொடிக்கு ஆறு அசை சொல்லும்போது மெய்யெழுத்துகள் எல்லாம் கிடாருக்குள் மூழ்கிவிடும். கலவையில் கிடாரின் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபெல் குறைப்பது முதலுதவி. சரியான தீர்வு, கிடார் சுவரையே எடுத்துவிட்டு பங்க்கின் கடுமையை டிரம்ஸிடம் ஒப்படைப்பது. 2009இல் வந்த ‘நெவர் பெட்டர்’ இந்தத் தீர்வின் சிறந்த எடுத்துக்காட்டு. உடைந்து உருளும் டிரம்ஸ், இரைச்சல், இடைவெளி, அதன் மேல் தெளிவான குரல். ஐந்து ஆல்பங்களில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். 2006இல் வந்த ‘ஆடிஷன்’ இன்னும் நேரடியாகப் பங்க்கைத் தொடுகிறது. பௌன்சிங் சோல்ஸ் குழுவின் பாடகரும் தி ஹோல்ட் ஸ்டெடி குழுவின் கிரெய்க் ஃபின்னும் அதில் பாடியிருக்கிறார்கள்.

மேடையில் பங்க் பழக்கம் கெடுதல் செய்யும் இடமும் உண்டு. மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக் கத்துவது பார்க்க வேகமாக இருக்கும். மேடை மைக், பின்னாலிருந்து வரும் ஒலியைத் தள்ளிவிடுவதற்காகத் தலைக்குப் பின்புறம் திறப்புகளோடு அமைக்கப்பட்டது. கை அவற்றை மூடினால் எல்லாத் திசை ஒலியும் உள்ளே போகும், ஸ்பீக்கர் கீச்சிடும், சொல் மூக்கடைத்த மாதிரி கேட்கும். ஒலிப்பொறியாளர் குரலைக் குறைப்பார், பாடகர் இன்னும் கத்துவார், தொண்டை போகும். இப்படி இரண்டு வாரம் தினமும் பாடினால் குரல்நாண் வீங்கும். ஓய்வில்லாமல் தொடர்ந்தால் முடிச்சு விழும்.

ஒப்பந்தம்: பெரிய நிறுவனமும் சிறு லேபிளும்

பி.ஓ.எஸ்ஸின் முதல் ஆல்பமான ‘இபெகாக் நீட்’ 2004இல் டூம்ட்ரீ பெயரில் வந்தது. அடுத்த மூன்றும் (2006, 2009, 2012) ரைம்சேயர்ஸில் வெளியாயின. 2017இன் ‘சில், டம்மி’ மறுபடி டூம்ட்ரீயில். பெரிய நிறுவனம் எதிலும் இல்லை. இந்தத் தேர்வை விளங்கிக்கொள்ள இரண்டு வகை ஒப்பந்தங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள தொகைகளும் மாதிரிக்குத்தான்.

ஓர் ஆல்பத்தின் பதிவுச் செலவு 10,000 டாலர், அச்சும் விளம்பரமும் 10,000, லேபிளுக்கு வந்த மொத்த வரவு 50,000 என்று வைத்துக்கொள்வோம்.

1. ராயல்டி முறை: கலைஞருக்கு 15 சதவீதம், அதாவது 7,500. ஆனால் பதிவுச் செலவு 10,000 கலைஞரின் பங்கிலிருந்து ஈடுகட்டப்பட வேண்டும். கலைஞர் கையில் ஒன்றும் வராது. 2,500 பாக்கி அடுத்த ஆல்பத்தின் கணக்கில் ஏறும். லேபிள் இதற்குள் லாபம் பார்த்திருக்கும். மாஸ்டர் உரிமையும் பெரும்பாலும் அதனிடம்தான்.

2. லாபப் பங்கு முறை: மொத்தச் செலவு 20,000ஐ முதலில் கழித்து, மிஞ்சிய 30,000ஐப் பாதியாகப் பிரிப்பது. கலைஞருக்கு 15,000.

ஒரே விற்பனை, ஒரு கலைஞர் கடனாளி, மற்றவருக்கு ஆறு மாத வாடகையும் சாப்பாடும். பங்க் லேபிள்கள் 1980களில் பரவலாக்கிய இரண்டாவது முறைதான் சுயேச்சை ராப் லேபிள்கள் பலவற்றிலும் வேரூன்றியது. லட்சக்கணக்கில் விற்கும் கலைஞருக்கு முதல் முறையின் பெரிய முன்பணமும் விளம்பர வலுவும் லாபமாக இருக்கலாம். இருபதாயிரம், முப்பதாயிரம் ரசிகர்களோடு நீடிக்க விரும்புபவருக்கு இரண்டாவதே பொருந்தும்.

பங்கு முறைக்கும் தன் பள்ளம் உண்டு: வாய்வார்த்தை. சிகாகோவின் டச் அண்ட் கோ என்ற புகழ்பெற்ற பங்க் லேபிளும் பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழுவும் பாதிப் பாதி என்று பேசி முடித்துக்கொண்டார்கள். காலவரை எதுவும் எழுதவில்லை. உறவு கசந்தபின் வழக்கு நடந்தது. காலவரை இல்லாத ஒப்பந்தத்தைக் குழு விருப்பப்படி முடித்துக்கொள்ளலாம் என்று 1999இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்பிக்கை முக்கியம்தான். ஆனாலும் காலம் எவ்வளவு, எந்தச் செலவுகள் கழிக்கப்படும், மாஸ்டர் யாருக்கு, கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற நாலு வரியை எழுதிக் கையெழுத்துப் போடாத கூட்டு, பணம் வரத் தொடங்கும் நாளில்தான் உடைகிறது.

நீண்ட பாடலும் நீண்ட வருமானமும்

வானொலியை நம்பாத தொழிலில் பாடல் மூன்றரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டியதில்லை. ‘சில், டம்மி’யில் உள்ள ஏறக்குறைய ஒன்பது நிமிடப் பாடலை எந்த நிலையமும் ஒலிபரப்பாது, இவருக்கு அது இழப்பாகவே இல்லை.

இணையத்தில் ஓடும் பாடலுக்கு உரிமையாளருக்குக் கிடைப்பது ஒரு கேட்பலுக்குச் சுமார் 0.3 முதல் 0.5 சென்ட் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பத்து லட்சம் கேட்பலுக்கு 3,000 முதல் 5,000 டாலர். மாஸ்டர் தன்னிடம் அல்லது தன் கூட்டு லேபிளிடம் இருந்தால் இந்தத் தொகை கைக்கு வரும். ராயல்டி முறையில் அதே 4,000 டாலரில் 600 மட்டும்; பழைய பாக்கி இருந்தால் அதுவும் இல்லை. ஆக இன்றும் வீட்டு வாடகையைக் கட்டுவது மேடைதான்: டிக்கெட்டும், 7 டாலரில் தயாராகி 20 டாலருக்கு விற்கும் டி-ஷர்ட்டும். பல அரங்குகள் அந்த விற்பனையிலும் 15 முதல் 20 சதவீதம் கேட்கும் என்பதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

2012: முறை எங்கே உடைந்தது

இனி அந்த மூன்றாவது கேள்வி. ‘வி டோன்ட் ஈவன் லிவ் ஹியர்’ 2012 அக்டோபரில் வந்தது. சொத்தைத் துரத்தும் வாழ்க்கையை மறுக்கும் ஆல்பம். பான் ஐவர் என்ற இசைக்குழுவின் பாடகர் ஜஸ்டின் வெர்னன் ஒரு பாடலில் சேர்ந்திருந்தார். அதுவரை இல்லாத கவனம் கிடைத்த நேரம். அதே மாதம், சிறுநீரகம் செயலிழந்து மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படுகிறது என்று பி.ஓ.எஸ் அறிவித்தார். சுற்றுப்பயணம் ரத்து.

மேலே உள்ள கணக்குகளை வைத்துப் பார்த்தால் இதன் எடை தெரியும். ஆல்பம் என்பது சுற்றுப்பயணத்துக்கான அழைப்பிதழ். வருமானம் பயணத்தில்தான் இருக்கிறது. டயாலிசிஸ் மையத்தில் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம் படுக்க வேண்டியவர் தினம் ஓர் ஊரில் பாட முடியாது. வேறு ஊர் மையங்களில் முன்பதிவு செய்து போகலாம் என்றாலும், ஃபார்கோவிலும் பில்லிங்ஸிலும் மாலைக் கச்சேரிக்கு ஏற்ற நேரத்தில் இடம் கிடைப்பது நடைமுறையில் அரிது.

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டின் அமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. அங்கே பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலை தரும் நிறுவனம் வழியாக வருகிறது. தனக்குத் தானே முதலாளியான இசைக்கலைஞருக்கு அப்படி யாரும் இல்லை.

2. ஏற்கெனவே நோய் உள்ளவருக்குத் தனிநபர் காப்பீடு மறுக்கும் உரிமை, பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனங்களுக்கு இருந்தது. வயது வந்தோர் விஷயத்தில் அது நீங்கியது 2014 ஜனவரி முதல் தேதியில். 2012இல் நோயைச் சொன்னவர் அந்த மாற்றத்துக்கு முந்திய உலகில் இருந்தார்.

3. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு, போதிய காலம் சமூகப் பாதுகாப்பு வரி கட்டியிருந்தால், வயது பார்க்காமல் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உண்டு. 1972இன் சட்டம் அது. ஆனால் மையத்தில் டயாலிசிஸ் செய்பவருக்குப் பொதுவாக நான்காம் மாதத்திலிருந்துதான் தொடங்கும். மருத்துவச் செலவில் ஒரு பகுதியையே ஏற்கும். இழந்த வருமானத்தை ஏற்காது.

4. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுதும் மருந்து தேவை. சிறுநீரக நோயால் மட்டும் மெடிகேர் பெற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை நடந்து 36 மாதத்தில் அந்தக் காப்பீடு நின்றுவிடும். வேறு காப்பீடு இல்லாதவர்களுக்கு இம்மருந்துகளுக்கு மட்டுமான தொடர் வசதி வந்தது 2023இல்தான்.

ரசிகர்கள் ஏன் பணம் திரட்டினார்கள் என்பதற்கு இந்த நாலு புள்ளிகளே விடை. கலைஞர் ஊதாரித்தனம் செய்தார் என்று நினைத்தால் அது அநியாயம். மாஸ்டரைத் தன்னிடம் வைத்து, லாபத்தைச் சமமாகப் பிரித்து, டிக்கெட்டை மலிவாகக் கொடுத்த ஒரு தொழில், எதிர்பாராத நோய்க்கென்று சேமிப்பு உருவாக்கும் அளவு உபரியைத் தருவதில்லை. நோய்ச் செலவைத் தாங்குவது அரசின் வேலை என்று இருக்கும் நாடுகளில் இதே தொழில் முறை இன்னும் பாதுகாப்பாக நடக்கும். இங்கே ஓட்டை பங்க் முறையில் பாதி, நாட்டின் காப்பீட்டு அமைப்பில் பாதி.

2014 மார்ச்சில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அடுத்த தனி ஆல்பத்துக்கு 2017 ஜனவரி ஆனது. நடுவில் கிட்டத்தட்ட நாலே கால் ஆண்டு.

பல பெயர்களில் வேலை செய்வது

அந்த இடைவெளியில் அவர் பெயர் மறையவில்லை. 2015இல் டூம்ட்ரீயின் ‘ஆல் ஹேண்ட்ஸ்’ வந்தது. இதுவும் பங்க் வட்டத்துப் பழக்கம்: ஒரே ஆள் மூன்று நாலு குழுவில் இருப்பார். பி.ஓ.எஸ்ஸின் பட்டியல் நீளமானது. ஹார்ட்கோர் குழுவான பில்டிங் பெட்டர் பாம்ப்ஸ், இரைச்சலும் மின்னொலியும் கலந்த மரிஜுவானா டெத்ஸ்குவாட்ஸ், 2010இல் ஆல்பம் வெளியிட்ட கேயிங்ஸ் கூட்டணி, சிம்ஸும் லேசர்பீக்கும் பேப்பர் டைகரும் சேர்ந்த ஷ்ரெடர்ஸ், ஆஸ்ட்ரோநாட்டலிஸ் என்ற ராப் கலைஞரோடு ஃபோர் ஃபிஸ்ட்ஸ்.

வேறு வேறு பெயர்கள் வைப்பதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஒரே நகரத்தில் ஒரே பெயரில் அடிக்கடி பாடினால் கூட்டம் குறையும். பெரிய கச்சேரிக்கு முன் சில வாரங்கள் அதே ஊரில் பாடக் கூடாது என்று அரங்குகள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் உண்டு. வேறு பெயர், வேறு இசை என்றால் அரங்கும் பெரும்பாலும் எதிர்ப்புச் சொல்வதில்லை. உடம்பு சரியில்லாத காலத்தில் 45 நிமிடம் தனியாக மேடையைத் தாங்க முடியாதவர், கூட்டுக் கச்சேரியில் இரண்டு பத்தி பாடிவிட்டு ஒதுங்கி நிற்கலாம். மீதியை மற்ற நால்வர் பார்த்துக்கொள்வார்கள்.